பழைய கரிஸ்மா: எதை மாற்றலாம், எதை விடலாம், எப்படி நிறுத்தி வைக்கலாம்

கரிஸ்மாவை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன் என்று யாராவது சொன்னால், ஒரு மாதம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். 2003-ல் ஹீரோ ஹோண்டா அந்த வண்டியை இறக்கியபோது நம் ரோட்டில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் 100 சிசி வண்டிகள். 223 சிசி இன்ஜின், 17 குதிரைத்திறன், 15 லிட்டர் டேங்க், முன்னால் டிஸ்க் பிரேக், நிமிர்ந்து உட்கார்ந்து நாள் முழுக்க ஓட்டக்கூடிய சீட். தூத்துக்குடியில் விடியற்காலை கிளம்பி, பொழுது சாயும்போது பெங்களூரில் இறங்கினாலும் முதுகு வலிக்காது. ‘ஸ்போர்ட் டூரிங்’ என்ற பெயர் பலருக்குப் பழகும் முன்பே அந்த வேலையைச் செய்த வண்டி.

என்னிடம் இருப்பது 2008-ல் பதிவான கரிஸ்மா ஆர். இந்த வண்டி வைத்திருக்கும் தம்பிமார்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ‘இதுவா, அதுவா’ என்ற கேள்விதான். ஒரிஜினல் ஸ்பேரா, லோக்கலா? டேங்க் நிரப்பி நிறுத்தவா, காலி செய்து நிறுத்தவா? ஒவ்வொன்றுக்கும் என் பதிலைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன் நான் கடைப்பிடிக்கும் ஒரு கணக்கு. வண்டி நிற்கவும், ரோட்டைப் பிடிக்கவும், இருட்டில் வழி தெரியவும் உதவுகிற பாகங்களுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். இன்ஜின் மூச்சு வாங்குகிற வழியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கார்புரேட்டர் வண்டியா, எஃப்.ஐ வண்டியா?

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதல் கேள்வி இது. 2003 முதல் வந்த கரிஸ்மாவும் அடுத்து வந்த ஆர் மாடலும் கார்புரேட்டர் வண்டிகள். 2009-ல் வந்த இசட்.எம்.ஆரில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், ஆயில் கூலர், பின்னாலும் டிஸ்க் பிரேக், உடம்பு முழுக்க மூடிய ஃபேரிங். காகிதத்தில் பார்த்தால் இசட்.எம்.ஆர்தான் நல்ல வண்டி. குளிர் காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும், கொடைக்கானல் உயரத்திலும் திணறாது.

ஆனாலும் பழைய வண்டியாக வாங்குகிறவருக்கு நான் கார்புரேட்டரைத்தான் சொல்வேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஓரத்து மெக்கானிக்கூட அதைக் கழற்றி, ஜெட்டை ஊதி, அரை மணியில் மாட்டிக் கொடுத்துவிடுவார். எஃப்.ஐ வண்டியில் பெட்ரோல் பம்ப் போனாலோ சென்சார் போனாலோ அந்தப் பாகம் கையில் வரும்வரை வண்டி அசையாது. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் காலத்து எலக்ட்ரானிக் பாகங்களைத் தேடி அலைவது ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டேதான் போகிறது. ஃபேரிங் உடைந்த இசட்.எம்.ஆர் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஆர்.சி. தேதியைப் பாருங்கள். 15 ஆண்டு முடிந்தால் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. புதுப்பிக்காத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த அலைச்சலை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

ஸ்பேர் வாங்குவதில்

கடையில் மூன்று வகை கிடைக்கும்: கம்பெனி பெட்டியில் வருவது, கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கிற தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரில் விற்பது, பெயரே இல்லாதது. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட், பேரிங் எல்லாம் இரண்டாவது வகையில் தாராளமாக வாங்கலாம், தரம் குறையாது. கார்புரேட்டரின் உள்பாகம், ஆயில் சீல், இன்ஜின் கேஸ்கெட் இவற்றைக் கம்பெனி பெட்டியிலேயே வாங்குங்கள். மலிவான ஆயில் சீல் இரண்டு மாதத்தில் கசிந்து, திரும்ப ஃபோர்க்கைக் கழற்றும் கூலியில் லாபமெல்லாம் போய்விடும்.

சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய பாகங்கள் கிடைக்கும். சைடு பேனல், மீட்டர் கூடு, கிராப் ரெயில் போன்றவற்றை அங்கே தேடுவதில் தப்பில்லை. டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர், அலாய் வீல் மூன்றையும் பழசில் வாங்கவே வாங்காதீர்கள். விழுந்த வண்டியிலிருந்து வந்த வீலில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

மாற்றங்கள்

இளைஞர்கள் முதலில் போய் நிற்பது சைலன்சர் கடையில். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் போட்டால் இழுவை கூடும் என்பது நம்பிக்கை. கூடுவது சத்தம்தான். காற்று அதிகம் போய், அதற்கேற்ற பெட்ரோல் போகாவிட்டால் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். இது காற்றால் குளிரும் இன்ஜின். சித்திரை வெயிலில் நாற்கர சாலையில் ஒரு மணி நேரம் 90-ல் ஓட்டினால் அந்தச் சூடு பிஸ்டனில் போய் நிற்கும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அளவு ஒன்றாக இருந்தாலும் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அது எரிய வேண்டிய காற்றும் குறைவு. ஆகவே பழைய பெட்ரோலுக்காகச் செட் செய்த கார்புரேட்டரில் கலவை ஏற்கெனவே மெலிந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் திறந்த ஃபில்டரையும் மாட்டுவது எரிகிற வீட்டில் ஜன்னலைத் திறந்து விடுகிற வேலை. ஒரிஜினல் ஏர் ஃபில்டரையே புதிதாகப் போட்டு, பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் சரி. வெளுத்துப் போயிருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டச் சொல்லுங்கள். கூடவே பெட்ரோல் டியூப், டேப் வாஷர், ஃப்ளோட் சேம்பர் ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் ஊதி, பிறகு வெடித்துக் கசியும்.

சட்டமும் இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் நாளில் பழைய சைலன்சரைத் தேடி அலையாதீர்கள்.

ஹெட்லைட்டில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். கரிஸ்மாவில் வருவது 35 வாட் பல்பு. இருட்டில் போதவில்லை என்று ஒரு கடையில் கார்களுக்குப் போடும் 60/55 வாட் பல்பைப் போட்டுக்கொண்டேன். முதல் வாரம் பகல் மாதிரி வெளிச்சம். கயத்தாறு தாண்டி ஓர் இரவு, லைட் மெல்ல மெல்ல மஞ்சளாகி ஒரேயடியாக அணைந்துவிட்டது. பின்னால் லாரி. ஓரங்கட்டிக் கழற்றிப் பார்த்தால் ஹோல்டர் பிளாஸ்டிக் உருகி, வயர் மூன்றும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. கணக்கு எளிது. 35 வாட்டுக்கு 3 ஆம்பியர் போதும், 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் வேண்டும். பத்து வருடம் வெயிலில் வெந்த மெல்லிய வயருக்கு அது தாங்காது.

வழி என்ன? முதலில் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். மங்கிப்போன ரிஃப்ளெக்டரை மாற்றினாலே பழைய பல்பில் பாதிக் குறை தீரும். அடுத்து, ஹோல்டரின் எர்த் வயரைச் சுத்தம் செய்து புதிதாக முறுக்குங்கள். ரிலே வைத்துத் தடித்த வயர் இழுப்பது நல்ல வேலைதான். ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் லைட் நேராக மேக்னட் காயிலிலிருந்து ஓடும், சிலவற்றில் பேட்டரியிலிருந்து ஓடும். உங்கள் வண்டியில் எது என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லாமல் ரிலே வாங்காதீர்கள். ஹாலோஜன் ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் சொருகுவது எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிக்கும், உங்களுக்கும் ரோட்டில் சீரான வெளிச்சம் விழாது.

டயரில் பின்பக்கம் 100/90-18 ஒரிஜினல். 110 வரை போகலாம். 120 போட்டால் அந்த ரிம்முக்கு டயர் குவிந்து நிற்கும், வளைவில் திரும்பும்போது வண்டி யோசிக்கும். அகலத்தைவிட வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம். பூ தேயவே இல்லை என்றாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறாதீர்கள்.

முன் பிரேக் ஹோஸை ஸ்டீல் பின்னல் போட்டதாக மாற்றுவது நல்ல செலவு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். இவ்வளவு செய்தால் போதும், மாற்றத்துக்கென்று வேறு எதுவும் இந்த வண்டிக்குத் தேவையில்லை.

நிறுத்தி வைப்பது

பழைய வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போவது ஒன்றுதான்: “வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் ஓட விடுங்கப்பா.” தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. எரிபொருளிலிருந்து வரும் நீராவி சைலன்சருக்குள் தண்ணீராக நின்று உள்ளிருந்து அரிக்கும், ஆயிலிலும் கலக்கும். செல்ஃப் போட்ட சார்ஜ்கூடப் பேட்டரிக்குத் திரும்பக் கிடைக்காது. தம்பியோ மச்சானோ வாரம் ஒருமுறை 20 கிலோமீட்டர் ஓட்டுவார் என்றால் ஓட்டட்டும். இல்லையென்றால் வண்டியைத் தொடாமல் விடுவதே நல்லது.

டேங்க் விஷயத்தில் நாளைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்றிரண்டு மாதம் என்றால் கழுத்து வரை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் இருந்தால் காற்று இருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், தகரம் துருப்பிடிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நிரப்பிய எத்தனால் பெட்ரோலே ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். அப்போது முழுக்க வடித்து, வெயிலில் காய வைத்து, உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி டேங்கைச் சுழற்றிப் பூசிவிடுங்கள். இது கார்புரேட்டர் வண்டிக்கு. எஃப்.ஐ வண்டியில் பெட்ரோல் பம்ப் காய்ந்து போகக் கூடாது. அதை நிரப்பியே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரையாவது ஓட்டிப் பெட்ரோலைத் தீர்த்துப் புதிது போடச் சொல்லுங்கள்.

எந்த வழியானாலும் கார்புரேட்டரைக் காலி செய்ய மறக்காதீர்கள். பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு, ஃப்ளோட் சேம்பரின் அடியில் இருக்கும் ஸ்குரூவைத் திருகி மிச்சத்தை வடியுங்கள். அந்த மிச்சம்தான் பச்சையாகப் பிசின் பிடித்து ஜெட்டை அடைப்பது. இன்ஜின் ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் அமிலம் இருக்கும், அது பேரிங்கோடு மாதக்கணக்கில் ஊறக் கூடாது.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். 12-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து அந்தப் பேட்டரி அத்தோடு தீர்ந்தது. கரண்டு நிலையாக இருக்கும் வீடு என்றால், தானாக நின்று தானாக ஏற்றும் ஃப்ளோட் சார்ஜர் வாங்கலாம். சாதாரண சார்ஜரை மாட்டிவிட்டு ஊருக்குப் போகக் கூடாது.

மூடுவதற்குப் பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். எங்கள் கடலோரக் காற்றில் உப்பு கலந்திருக்கும். பிளாஸ்டிக்குக்குள் வேர்த்து, அந்த வேர்வையிலேயே நட்டுக்கு நட்டு வெண்மை பூக்கும். முதலில் ஒரு பழைய பருத்தி வேட்டி, அதன்மேல் காற்றோட்டமுள்ள கவர். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் வீலும் தரையைத் தொடாதபடி இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுங்கள். சைலன்சர் வாயில் துணி அடையுங்கள், இல்லாவிட்டால் குளவி மண்ணால் கூடு கட்டிவிடும். துணி அடைத்தது மறந்து போகாமல் இருக்கச் சாவியில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுங்கள். எலிக்குச் சீட்டுக்கு அடியில் பாச்சை உருண்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறும் தெருவென்றால் இத்தனையையும் மாடிப்படிக்கு மேலே செய்யுங்கள்.

திரும்ப எடுக்கும்போது அவசரம் வேண்டாம். புதுப் பெட்ரோல், பேட்டரி, டயரில் காற்று, பிரேக் பிடித்துப் பார்த்தல் எல்லாம் முடித்து, முதல் நாள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். நான்கு மாதம் நின்ற என் வண்டி ஒருமுறை நன்றாக ஸ்டார்ட் ஆகி, எட்டயபுரம் போகும் ரோட்டில் திடீரென்று இழுத்து இழுத்து நின்றது. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது, கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியின் காற்றுத் துளையில் தூசியும் துருவும் அடைத்திருந்தன. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லாமல் டேங்கே பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொண்டது. பக்கத்து டீக்கடை அக்கா ஓர் ஊக்கு கொடுத்தார். துளையைக் குத்திச் சுத்தம் செய்து, மூடியை வாயால் ஊதிப் பார்த்தேன். மறுபக்கம் காற்று வந்தது. அன்று சாயங்காலம் கோவில்பட்டி போய்த் திரும்பும்வரை வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.