எளிதாய் வருவது மலிவானதல்ல

கிராமத்துச் சங்கமொன்றில் புதிதாகச் சேர்ந்த அங்கத்தவரிடம், "உங்களால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன தெரியும்? நான் படிக்காத ஆள்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். அப்படிச் சொல்பவர் இருபது வருடம் வயல் செய்தவராக இருப்பார். பயிரின் நிறத்தைப் பார்த்தே அதன் குறையைச் சொல்லுவார். அயலில் எல்லைச் சண்டை மூண்டால் இரு பகுதியாரும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஆயினும் தம்மிடம் ஒன்றுமில்லை என்று அவர் மனமார நம்புகிறார். இதைத் தாழ்மை என்று பாராட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. ஒருவர் தம்மிடம் உள்ளதைக் காணாதபோது அவருடைய குடும்பமும் ஊரும் அதை இழக்கின்றன.

இவ்வாறு நேர்வது ஏன்? இயல்பான திறன் நமக்கு எளிதாக வருகிறது. எளிதாக வருவதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. "இதிலென்ன இருக்கிறது, எல்லாருக்கும் முடியும்தானே" என்று விட்டுவிடுகிறோம். பாடுபட்டுச் செய்வதையே மதிக்கப் பழகியிருக்கிறோம். ஆகவே ஒருவருடைய திறன் அவர் கண்ணுக்குப் படுமுன்னரே அயலவர் கண்ணுக்குப் பட்டுவிடுகிறது. தன் திறனை அறிய விரும்புபவருக்குப் பிறருடைய கண்கள் தேவை என்பதே இப்பாடத்தின் மையக் கருத்து.

1. எதனைத் திறன் என்கிறோம்?

ஆசை வேறு, திறன் வேறு. கடை வைக்க ஆசைப்படும் எல்லோரும் வியாபாரத்தில் கெட்டிக்காரர் அல்லர். பழக்கமும் திறனும் ஒன்றல்ல. பத்து வருடம் ஒரு வேலையைச் செய்தும் அதை வெறுப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்த முயற்சியில் விரைவாகக் கற்று, செய்யச் செய்ய மெருகேறும் ஆற்றலையே இங்கு இயல்பான திறன் என்கிறோம். அது விதையைப் போன்றது. பயிற்சி என்னும் நீர் இல்லாவிடில் முளைக்காது.

அமெரிக்க உளவியலாளர் ஹவார்ட் கார்ட்னர் 1983இல் வெளியிட்ட நூலில், மனிதரின் அறிவாற்றலை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்று வாதிட்டார். மொழி, கணக்கு, இசை, இடமும் வடிவமும் உணர்தல், உடலைக் கையாளுதல், பிறரைப் புரிந்துகொள்ளல், தன்னை அறிதல் என ஏழு ஆற்றல்களை அவர் குறிப்பிட்டார். இயற்கையை இனங்காணும் ஆற்றலைப் பின்னர் சேர்த்தார். இக்கொள்கையை ஏற்காத ஆய்வாளர் பலர் உள்ளனர். எனினும் நமக்கு இது ஒரு நல்ல கேள்வியைத் தருகிறது. "இவர் கெட்டிக்காரரா?" என்று கேட்பதை விட்டு, "இவர் எதில் கெட்டிக்காரர்?" என்று கேட்கத் தூண்டுகிறது.

2. திறனின் அடையாளங்கள்

(அ) மற்றவர்களைவிட விரைவாக அவ்வேலையைக் கற்றுக்கொள்கிறார்.
(ஆ) எவரும் சொல்லாமலே அதை நாடிப் போகிறார். உடைந்த சைக்கிளைக் கண்டால் சும்மா இருக்க முடியாத பையனை நாம் எல்லோரும் அறிவோம்.
(இ) அதைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை.
(ஈ) பிழைத்துப் போனாலும் சோர்ந்துவிடாமல் மீண்டும் முயலுகிறார்.
(உ) அந்த வேலைக்காகப் பிறர் அவரைத் தேடி வருகிறார்கள்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்ய வேண்டாம். மூன்று நான்கு சேர்ந்து வருமானால் அங்கே கவனமாகப் பாருங்கள்.

3. கண்ணை மறைக்கும் இரண்டு திரைகள்

முதலாவது பரீட்சை. க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையை வீட்டிலும் வெளியிலும் 'பெயில்' என்றே அழைக்கிறோம். அந்தப் பெயர் பதினாறு வயதில் ஒட்டி, அறுபது வயதுவரை உரியாமல் இருப்பதுண்டு. பரீட்சை சில ஆற்றல்களை நன்றாக அளக்கிறது. பலவற்றை அது கேட்பதேயில்லை.

இரண்டாவது பிறப்பு. இயல்பான திறனைக் குலத்தொழிலோடு குழப்பிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. பானை வனைபவரின் மகன் கணக்கில் சிறந்தவனாக இருக்கலாம். கமக்காரரின் மகள் இயந்திரம் திருத்துவதில் வல்லவளாக இருக்கலாம். "இது உங்கள் வேலை" என்று ஒருவர் தலையில் கட்டுவதும், "இது பெண்பிள்ளைக்கு ஏற்றதல்ல" என்று தடுப்பதும் திறனைக் கொல்லும் வழிகளே. மாறாக, ஒருவர் தம் முன்னோரின் கைத்தொழிலை விரும்பிச் செய்தால் அதை இழிவாகப் பேசவும் எவருக்கும் உரிமை இல்லை.

4. எல்லோருக்கும் தையல் இயந்திரமா?

ஒரு மாதர் சங்கத்தை எண்ணிப் பார்ப்போம். பன்னிரண்டு அங்கத்தவர்கள். கடன் திட்டமொன்று வருகிறது. பன்னிருவரும் தையல் இயந்திரம் வாங்குகிறார்கள். ஓராண்டின் பின் இரண்டு இயந்திரங்களே ஓடுகின்றன. மற்றவை துணி மூடிக் கிடக்கின்றன. ஆனால் ஓடாத இயந்திரத்துக்கும் தவணைப் பணம் கட்டத்தான் வேண்டும். நகை அடைவு கடைக்குப் போகிறது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வருகிறது. இப்பெண்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். அவர்களுள் ஒருவர் ஆட்டின் நோயைப் பார்த்த மாத்திரத்தில் அறிபவர். ஒருவர் ஒரு சதமும் பிசகாமல் கணக்கு வைப்பவர். ஒருவர் சந்தையில் விலை பேசுவதில் வல்லவர். ஒருவருடைய மோர்மிளகாய்க்கு ஊரெல்லாம் ஆள் வரும். இவற்றை எவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ஜோன் கிரெட்ஸ்மன், ஜோன் மக்னைட் என்னும் இருவர் 1993இல் வெளியிட்ட நூல் இத்தவற்றைச் சுட்டியது. ஊரின் குறைகளைப் பட்டியலிட்டுத் தொடங்கினால், மக்கள் தங்களைக் குறைகளின் மூட்டையாகவே காணத் தொடங்குவர் என்றும், ஊரில் உள்ள திறன்களைப் பட்டியலிட்டே வேலையைத் தொடங்க வேண்டும் என்றும் அவர்கள் வற்புறுத்தினர்.

5. தாலந்து உவமை சொல்வது

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து என்பது அன்று ஒரு பெரும் பணத்தொகை. திறமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'டாலன்ட்' இவ்வுவமையிலிருந்தே அப்பொருளைப் பெற்றது. இதில் நாம் அடிக்கடி கவனியாது விடும் ஒன்று உண்டு. ஐந்து தாலந்து பெற்றவனுக்குக் கிடைத்த அதே பாராட்டுத்தான் இரண்டு பெற்றவனுக்கும் கிடைத்தது. மற்றவனுடைய தாலந்தை ஏன் பெறவில்லை என்று எவனிடமும் கேட்கப்படவில்லை. மூன்றாமவன் தான் பெற்றதைப் புதைத்ததற்குக் காரணம் அச்சம். நம் ஊர்களிலும் பல திறன்கள் ஏளனத்துக்கு அஞ்சியே புதைந்து கிடக்கின்றன.

6. செய்து பார்க்க ஒரு பயிற்சி

ஆறு முதல் எட்டுப் பேர் வட்டமாக இருங்கள். ஒருவர் மௌனமாக இருக்க, மற்ற ஒவ்வொருவரும் அவரிடம் தாம் கண்ட ஒரு திறனைச் சொல்ல வேண்டும். கண்ட நிகழ்ச்சியையும் கட்டாயம் கூற வேண்டும். "நல்ல மனுசி" என்பது போதாது. "வெள்ளத்தின்போது அரை மணித்தியாலத்தில் ஐம்பது பேருக்குச் சமைக்க ஆட்களைச் சேர்த்தார்" என்பதே பயனுள்ளது. செயலாளர் இவற்றைக் கொப்பியில் கை, தலை, இதயம் என மூன்று நிரல்களில் எழுதட்டும். எல்லோரும் முடிந்ததும், எந்தத் திறனோடு எந்தத் திறன் சேரலாம் என்று பாருங்கள். தைப்பவர், விற்பவர், கணக்கு வைப்பவர் மூவரும் சேர்ந்தால்தான் ஒரு தையற் கடை நிலைக்கும்.

7. கண்டபின் என்ன செய்வது?

முதலில் சிறிய அளவில், கடன் வாங்காமல், மூன்று மாதம் செய்து பாருங்கள். வரவு செலவை எழுதுங்கள். திறன் இருந்தும் சந்தை இல்லாவிடில் வயிறு நிறையாது. சந்தை இருக்குமிடத்தில் பயிற்சியைத் தேடுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை 1995இல் தாபிக்கப்பட்டது. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறையில், வேலை செய்தே தொழிலைக் கற்றவர் தம் அனுபவத்தை மதிப்பிடச் செய்து சான்றிதழ் பெற வழியுண்டு. பாடசாலையை இடைநடுவில் விட்ட மேசனுக்கும் மின்இணைப்பாளருக்கும் இது முக்கியமான வாய்ப்பு. அண்மையிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

எல்லாத் திறனும் பிழைப்பாக மாறவேண்டும் என்பதில்லை. பகலெல்லாம் வயலிலோ கடலிலோ உழைத்துவிட்டு இரவில் நாட்டுக்கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு அதனால் பெரிய வருமானம் கிடைப்பதில்லை. ஆனால் அவர் இல்லாவிடில் ஊரின் கூத்து அவரோடு போய்விடும். சிலருடைய திறன் வீட்டுக்குச் சோறு போடும். சிலருடையது ஊருக்கு உயிர் கொடுக்கும்.

குழுவில் கலந்துரையாட:

1. எந்த வேலைக்காக மற்றவர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள்?
2. உங்கள் ஊரில் 'பெயில்' என்று பெயர் பெற்ற ஓர் இளைஞரிடம் நீங்கள் கண்ட திறன் எது? அதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?
3. கடைசியாக உங்கள் சங்கத்துக்கு வந்த உதவி, அங்கத்தவரின் திறனைக் கேட்டு வந்ததா, கேளாமல் வந்ததா?
4. அடுத்த கூட்டத்துக்கு முன் எவருடைய திறனை அவருக்கு எடுத்துச் சொல்லப் போகிறீர்கள்?