கடைசல் பழகுவோர்க்கு ஏற்ற சிறு எந்திரம்

மரத்தைச் சுழலவிட்டு, உளியை ஊன்றி, உருட்சியாகச் சீவி எடுக்கும் தொழிலுக்குக் கடைசல் என்று பெயர். பம்பரம், மத்து, சப்பாத்திக் குழவி, கட்டிற்கால் யாவும் கடைசலில் உருவாகுபவையே. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களின் மரச்சிற்பத்திற்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தமை யாவரும் அறிந்ததே. ஆயினும் சிற்ப உளியில் கைதேர்வதற்கு நெடுங்காலம் பிடிக்கும். கடைசலிலோ சில மாதப் பயிற்சியிலேயே எளிய பொருள்களைச் செய்துவிடலாம். ஆதலின் இளைஞரும் மகளிர் குழுவினரும் எந்த எந்திரத்தை வாங்குவது என வினவுகின்றனர். கடன்பட்டு வாங்கிய எந்திரம் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தாலும் தவணை நில்லாது என்பதால் இதனைச் சற்று ஆராய்தல் நலம்.

முதலில் நோக்கவேண்டியவை எந்திரம் ஏற்கும் மரத்தின் விட்டமும், இரு முனைகளுக்கிடையே அடங்கும் நீளமும் ஆகும். 10 அங்குல விட்டமும் 18 அங்குல நீளமும் தொடக்கத்திற்குப் போதும். குழவி, கிண்ணம், மத்தின் தலை ஆகியவை அதில் அடங்கும். கட்டிற்கால், தூண் கடைய எண்ணுவோர் மட்டும் நீளமானதை நாடுக.

அளவினும் முக்கியமானது எடை. தகட்டை மடித்துச் செய்த இலேசான எந்திரம் விலை மலிவே. ஆனால் கோணலான கட்டை சுழலத் தொடங்கியதும் அது நடுங்கும். நடுக்கத்தில் உளி துள்ளினால் பொருளும் கெடும், கைக்கும் ஊறு நேரும். வார்ப்பிரும்பு அடித்தளமே வேண்டும். வால்முனையைத் தலைமுனைவரை நகர்த்தி, இரு கூர்களும் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சந்திக்காதது எவ்வளவு பளபளப்பாயினும் வேண்டா.

அடுத்தது வேகம். அங்குலக் கணக்கில் விட்டத்தையும், நிமிடச் சுழற்சியையும் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வரலாம் என்பது கடைசற்காரர் கணக்கு. 2 அங்குலக் குழவிக்கு 3,000 சுழற்சி ஆகும். 10 அங்குலத் தட்டுக்கு 600-ஐ ஒட்டியே ஓட்டவேண்டும். சமன்படாத கட்டைக்கும், பழகுவோர்க்கும் இன்னும் குறைவாக இருப்பதே காப்பு. எனவே 500 அளவில் தொடங்கும் எந்திரத்தையே தேர்க. வீட்டு மின்சாரத்தில் ஓடும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் போதுமானது. மின்னணுக் குமிழால் வேகத்தை மாற்றுவது வசதியே. எனினும் பெல்ட்டைக் கப்பிக்குக் கப்பி மாற்றும் எந்திரத்தையே யான் விரும்புவேன். அது பழுதுபட்டால் உள்ளூர் மெக்கானிக்கே சீர்செய்துவிடுவார். இரும்பு கடையும் பழைய லேத் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் உளர். மரத்திற்கு அதன் வேகம் பெரும்பாலும் போதாது.

கைப்பணம் முழுவதையும் எந்திரத்திலேயே முடக்கலாகாது. குழியுளி, சாய்முனை உளி, துண்டிக்கும் உளி, சாணைக்கல், முகக்காப்பு ஆகியவற்றுக்கும் தொகை ஒதுக்குக. தொங்கும் துண்டும் முந்தானையும் எந்திரத்தருகே கூடவே கூடா. 2025-இல் தொடங்கப்பெற்ற கலைஞர் கைவினைத் திட்டத்தில், 35 வயது நிறைந்த கைவினைஞர்க்கு ரூ.3 இலட்சம்வரை கடனும், அதில் 25 விழுக்காடு, ரூ.50,000-க்கு மேற்படாத மானியமும் அறிவிக்கப்பட்டன.

சன்னபட்டணத்துப் பொம்மைகளைப்போல, சுழலும் மரத்தில் அரக்கை அழுத்தி வண்ணமேற்றித் தாழை மடலால் மெருகிடுவதைப் பின்னர்ப் பழகலாம். இப்போதைக்கு, விலை பேசுமுன் வேப்பங்கட்டை ஒன்றை உடன் கொண்டுசென்று, கடைக்காரரையே அதனைக் கடைந்து காட்டச் சொல்லுக.