இரண்டு காதுகளும் இரண்டு ஒலிவாங்கிகளும்

சென்ற ரமழான் விடுமுறையில் உம்மும்மாவும் அவரின் தங்கையும் மாறி மாறிப் பாடிய தாலாட்டை மாமாவின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்தேன். ஓர் ஒலிவாங்கி உம்மும்மாவின் அருகில், மற்றது யன்னலோரத்தில். இரண்டு பதிவுகளையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்தபோது குரல்கள் குழாய்க்குள்ளிருந்து வருவன போல் கேட்டன. பிழை கருவியிலா, என்னிலா?

விடை பௌதிகவியலில் இருந்தது. வளியில் ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஓர் ஒலிவாங்கி 34 சதமமீற்றர் பின்னால் இருந்தால், குரல் அதனை ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக அடையும். இரண்டையும் கூட்டும்போது 500 ஹேட்ஸ் மீடிறனில் ஒன்றின் முடியும் மற்றதன் தாழியும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கும். வேறு சில மீடிறன்களும் அவ்வாறே குன்றும்.

ஆனால் நமது காதுகளும் இரண்டுதானே! இடமிருந்து வரும் ஒலி இடக்காதைச் சற்று முன்னதாகவும் உரத்தும் அடைகிறது. இவ்வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. இதனை ஒலிப்பதிவுக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி ஆங்கிலேயப் பொறியியலாளர் அலன் புளூம்லைன். 1931இல் அவர் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கோரினார்.

ஒலிவாங்கிகளை வைக்கும் முறைகளுள் மூன்று முக்கியமானவை. திசைசார் ஒலிவாங்கிகள் இரண்டின் தலைகளை ஒரே புள்ளியில் குறுக்காக, 90 பாகையில் வைப்பது முதலாவது. இதில் தாமதம் இல்லை. கூட்டினாலும் குரல் கெடாது. இரண்டையும் விலக்கி வைப்பது இரண்டாவது. மண்டபத்தின் விசாலம் நன்கு கேட்கும். கூட்டினால் எனக்கு நேர்ந்ததே நேரும். பிரெஞ்சு வானொலியின் முறை இடைப்பட்டது: 17 சதமமீற்றர் இடைவெளி, 110 பாகை. இந்த இடைவெளி நம் காதுகளுக்கிடையிலான தூரத்தை ஒத்தது. சுற்றிலும் ஒலிபெருக்கிகள் வைக்கும் சரவுண்ட் முறைக்கு, பின்புற எதிரொலியைப் பிடிக்க மேலும் ஒலிவாங்கிகள் வேண்டும்.

மறுமுறை குறுக்காக வைத்துப் பதிவு செய்தேன். உம்மும்மாவின் குரல் தெளிவாக வந்தது. ஆனால் பாட அவர் மட்டுமே இருந்தார். தங்கை இடையில் வபாத்தாகிவிட்டார். அவரின் முறை வரும் இடத்தில் உம்மும்மா சற்று நிறுத்தி, தானே தொடர்ந்தார்.

நல்லவேளை, பழைய பதிவுகள் இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தேன். யன்னலோரப் பதிவை மட்டும் கேட்டால் குழாய்ச் சத்தம் இல்லை. தங்கையின் குரல் தூரத்திலிருந்தாலும் கேட்கிறது.

தோழியரே, உங்கள் வீட்டு மூத்தோரின் பாடல்களையும் பதிவு செய்யுங்கள். ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள். மூலப்பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள்.