வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் மாமனார் பட்டு நெய்தவர். புற்றுநோய் வலிக்கு டாக்டர் ஃபென்டானில் பிளாஸ்திரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அமெரிக்காவில் ஆளைக் கொல்லும் போதை மருந்து அதுதான் என்கிறான் என் மகன். யார் கண்டுபிடித்தது? ஒட்டலாமா?
– வாசகி, சின்ன காஞ்சிபுரம்

பதில்: மகன் சொல்வதும் சரி, டாக்டர் எழுதியதும் சரி. இரண்டும் ஒரே மருந்துதான்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த டாக்டர் பால் ஜான்சன் 1960 வாக்கில் உருவாக்கியது இது. மார்ஃபின் அபினியிலிருந்து வருகிறது; இதற்குக் கசகசாச் செடியே வேண்டாம். ஜெர்மானியர்கள் 1930களின் கடைசியில் செய்த பெத்திடின் என்ற வலி மருந்தை எடுத்து, கொழுப்பில் இன்னும் நன்றாகக் கரையும்படி மாற்றினால் மூளைக்குச் சட்டென்று போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டார் அவர். கணக்குப் பலித்தது: மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். முதலில் ஆபரேஷன் தியேட்டரில் ஊசியாகத்தான் போட்டார்கள். கொழுப்பில் கரைவது தோல் வழியாகவும் ஊறும் அல்லவா? அப்படித்தான் 1990களில் பிளாஸ்திரி புழக்கத்துக்கு வந்தது. உங்கள் ஊர்க்காரர் அண்ணா 1969-ல் புற்றுநோயால் இறந்தபோது இந்த வசதி கிடையாது.

வினையும் அதே குணத்தில்தான். அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு அடங்கிவிடும். கையளவு பொடியே ஆயிரக்கணக்கானோருக்குப் போதும் என்பதால் கடத்துவதும் சுலபம். அமெரிக்காவில் 2022-ல் மட்டும் இந்த வகை மருந்துகளால் 70,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளத்தனமாகச் செய்த சரக்கு.

நம் ஊர்க் கதை வேறு. தமிழ்நாட்டில் போலீஸ் அடிக்கடி பிடிப்பது டாபென்டடால் என்ற வலி மாத்திரை. பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள் பையன்கள். அதைப் போன்ற இன்னொரு வலி மருந்தான டிரமடாலை 2018-லேயே போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டுப் பிளாஸ்திரியைவிட, சீட்டு கேட்காமல் மாத்திரை கொடுக்கும் கடைதான் எனக்குப் பயம்.

டாக்டர் சொன்னபடி ஒட்டுங்கள். பொதுவாக ஒன்று 72 மணி நேரத்துக்கு. அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது. தெருவில் பாவு விரிப்பதைப் பார்க்க வெயிலில் உட்காரவும் விடாதீர்கள், சூட்டில் மருந்து அதிகமாக ஊறும். கழற்றியதிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். எழுப்பினாலும் எழாமல் மூச்சு மந்தமானால், பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். முறிக்க நலாக்சோன் ஊசி உண்டு.