நீருக்கு ஒரு சோதனை, சேற்றுக்கு ஒரு சோதனை

கேள்வி: ஆற்றுநீர் தெளிவாகத்தான் தெரிகிறது, உயிரினங்கள் மட்டும் குறைந்துகொண்டே போகின்றன. கெட்டது நீரா, அடிச்சேறா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: அங்கே வாழக்கூடிய சிற்றுயிர்களை வைத்தேதான். நீருக்கு டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு. பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளைக் குவளைக்கு ஐந்தாக விட்டு, 48 மணி நேரம் கவனிப்பார்கள். குவளையை மெல்ல அசைத்து 15 விநாடி பார்த்தும் நீந்தவில்லையா? முடங்கிவிட்டதாகக் கணக்கு. உடம்பே கண்ணாடி மாதிரி என்பதால், நுண்ணோக்கியில் அதன் இதயம் துடிப்பதையும் காணலாம்.

ஆனால் இது பாதிக் கதைதான்.

ஈயம், காட்மியம், பல பூச்சிக்கொல்லிகள் எல்லாம் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ஆலைகள் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் கழிவை விடுவது 1977-இல் நின்றது. சேற்றில் படிந்த நஞ்சு அப்படியே கிடந்ததால், 2009-இல் ஆற்றைத் தூர்வார ஆரம்பித்தார்கள்.

சேற்றைச் சோதிக்க கைரோனமஸ் புழு. வண்ணமீன் கடைகளில் இரையாக விற்கும் சிவப்புப் புழுவின் இனம்தான். சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். சேற்றில் குழாய் கட்டிக் குடியிருக்கும் இந்தப் புழுக்களில் எத்தனை 28 நாளில் ஈக்களாக வெளிவருகின்றன, எத்தனை நாள் தாமதிக்கின்றன என்று சுத்தமான சேற்றில் வளர்ந்தவற்றோடு ஒப்பிடுவார்கள். இந்தத் தாமதத்தை அலட்சியம் செய்யவே கூடாது: புழு சாகாமலே அதன் அடுத்த தலைமுறை சுருங்கிவிடலாம்.