மன்னரின் பிரதிநிதிக்கு என்ன வேலை?

கேள்வி: கனடாவில் என் மகள் குடியுரிமை பெற்றபோது மன்னர் சார்லஸுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்தாள். அவள் வசிப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவில். அங்கே மன்னரின் பிரதிநிதியும் இருக்கிறார், முதல்வரும் இருக்கிறார். ஆள்வது யார்? நம் ஊர் கவர்னர் மாதிரி மசோதாவைக் கிடப்பில் போட முடியுமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆள்வது முதல்வர்தான், சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருக்கும்வரை. மன்னரின் பிரதிநிதிக்குப் பெயர் லெப்டினன்ட் கவர்னர். கனடா பிரதமர் சொல்பவரை, நாடு முழுமைக்கும் மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் நியமிக்கிறார். சம்பளமும் மத்திய அரசிடமிருந்து, அதாவது ஒட்டாவாவிலிருந்து, வருகிறது. ஆனாலும் பள்ளி, மருத்துவமனை, உள்ளாட்சி என்று மாகாணத்தின் பொறுப்பில் உள்ள எதிலும் அமைச்சரவை சொல்கிறபடிதான் கையெழுத்துப் போடுவார். சட்டமன்றத்தில் அவர் வாசிக்கும் உரையும் அமைச்சரவை எழுதிக் கொடுத்ததே.

அப்படியானால் அவர் வெறும் பொம்மையா என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் மகளின் மாகாணத்திலேயே 2017 மே மாதத் தேர்தலில் மொத்தம் 87 இடங்களில் லிபரல் 43, புதிய ஜனநாயகக் கட்சி 41, பசுமைக் கட்சி 3. பசுமைக் கட்சி புதிய ஜனநாயகக் கட்சியோடு ஒப்பந்தம் போட்டது. லிபரல் முதல்வர் கிறிஸ்டி கிளார்க் பதவி விலகாமல் சட்டமன்றத்தைக் கூட்டினார். லிபரல்களில் ஒருவர் சபாநாயகராக உட்கார்ந்து வாக்களிக்க முடியாமல் போனதால், ஜூன் 29 நம்பிக்கை வாக்கெடுப்பில் 44-க்கு 42 என்று தோற்றார். அன்று மாலையே லெப்டினன்ட் கவர்னர் ஜூடித் கிஷோனைச் சந்தித்து, சபையைக் கலைத்து மறுதேர்தல் நடத்தச் சொன்னார். எதிர்த்தரப்பு சபாநாயகர் பதவியை ஏற்றால் 43-க்கு 43 ஆகிவிடும், சபை நடக்காது என்பது கிளார்க்கின் வாதம். கணக்கு சரிதான். ஆனால் தேர்தல் முடிந்து ஏழே வாரம். மாற்று அரசும் தயாராக இருந்தது. கிஷோன் மறுத்துவிட்டு, புதிய ஜனநாயகக் கட்சியின் ஜான் ஹோர்கனை ஆட்சி அமைக்க அழைத்தார். தோற்ற முதல்வரின் ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. பிறகு லிபரல் பக்கத்திலிருந்தே ஒருவர் சபாநாயகராக முன்வந்தார்! அந்த அரசு, ஹோர்கனே 2020-ல் முன்கூட்டித் தேர்தலை அறிவிக்கும்வரை ஓடியது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மசோதாவை ஒட்டாவாவின் முடிவுக்கு அனுப்பிவைக்கும் அதிகாரம் 1867 அரசியல் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. கடைசியாக 1961-ல் சஸ்காட்செவன் மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஃபிராங்க் பாஸ்டெடோ, ஒட்டாவாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அதைப் பயன்படுத்தினார். பிரதமர் டீஃபன்பேக்கருக்குத் தர்மசங்கடம். அவரது அரசு விரைவிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது.