படத்தில் இருப்பது டிராமா, டிராலி பஸ்ஸா?

கேள்வி: தெப்ராவில் பிறந்து வளர்ந்தவன் நான். என் தாத்தா 1951-இல் மதராஸ் துறைமுகத்தில் ரஜுலா கப்பல் ஏறி இங்கே வந்து, கடைசி வரை தோட்ட வேலை பார்த்தவர். பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு பழைய படம் கிடைத்தது. சிங்கப்பூர்த் தெரு ஒன்றில் தாத்தா நிற்கிறார். பின்னால், தலைக்கு மேல் ஓடும் கம்பியைப் பிடித்தபடி ஒரு வண்டி நிற்கிறது. "அதுதான் டிராம், தாத்தா அதில் போனதாக அடிக்கடி சொல்வார்" என்கிறார் பாட்டி. என் அண்ணனோ, ஜப்பான்காரன் வருவதற்கு வெகு முன்பே சிங்கப்பூரில் டிராம் நின்றுவிட்டது என்கிறார். யார் சொல்வது சரி? நம் ஜொகூர் பாருவில் டிராம் ஓடியது உண்டா? ஓடிக்கொண்டிருந்ததை எதற்காக எடுத்தார்கள்? புக்கிட் சாகாரில் கட்டும் ரயிலும் ஒரு வகை டிராம்தானா?
— வாசகர், தெப்ராவ்

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது சரி. பாட்டி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1905 ஜூலை 25. கடைசி டிராம் ஓடியது 1927 செப்டம்பர் 4. 1951-இல் வந்தவர் அங்கே டிராமைப் பார்த்திருக்க வழியில்லை. அவருக்குப் பின்னால் நிற்பது டிராலி பஸ். அதுவும் மின்சாரத்தில் ஓடிய வண்டிதான். 1926 ஆகஸ்டில் வந்து 1962 டிசம்பர் வரை சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடியது.

படத்தை எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வண்டியின் கூரையிலிருந்து மேலே போகும் கழி ஒன்றா, இரண்டா? டிராமுக்கு ஒரு கழி போதும். மேலே இருக்கும் கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுத்து, மோட்டாரைச் சுழற்றிய பின் இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறக்கிவிடும். தண்டவாளமே மின்சாரம் திரும்பிப் போகும் வழி. டிராலி பஸ்ஸுக்கு ரப்பர் டயர். அதன் வழியாக மின்சாரம் தரைக்குப் போகாது. அதனால் வர ஒரு கம்பி, போக ஒரு கம்பி, அவற்றைத் தொட இரண்டு கழிகள். உங்கள் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கழி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சாலையில் தண்டவாளம் தெரிகிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டிராம் நின்ற பிறகு பல ஊர்களில் தண்டவாளம் தார்ச் சாலைக்குள்ளேயே கிடந்தது.

இனி பாட்டி சொன்னது. தாத்தா டிராமில் போனதாகச் சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த டிராம் மதராஸ் டிராமாக இருக்கும். 1951-இல் மதராஸில் டிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாரிஸ் கார்னர் வழியாகப் போன டிராமிலிருந்து இறங்கித் துறைமுகத்துக்குள் நடந்து போய்க் கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். ரஜுலா நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு தொட்டு, சிங்கப்பூர் வந்து சேரும். இந்தப் பாதையில் அன்று டிராம் ஓடிய ஊர் மதராஸ் ஒன்றுதான். பினாங்கில் 1936-லேயே நின்றுவிட்டது. தாத்தா அங்கே பார்த்த டிராமும் இங்கே பார்த்த டிராலி பஸ்ஸும் வீட்டுப் பேச்சில் ஒன்றாகிவிட்டன. இரண்டும் கம்பியைப் பிடித்து ஓடியவை என்பதால் அது நடப்பது இயல்பு.

மதராஸ் டிராமின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தியாவின் முதல் மின்சார டிராம் அது. 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது. கல்கத்தாவுக்கு மின்சார டிராம் வந்தது 1902-இல், பம்பாய்க்கு 1907-இல். முதலில் மதராஸில் மேலே கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தரையில் நீளமான பிளவு விட்டு, அதன் அடியில் மின் கடத்தியைப் புதைத்திருந்தார்கள். வண்டியிலிருந்து ஒரு தகடு அந்தப் பிளவுக்குள் இறங்கி மின்சாரத்தை எடுக்கும். தெருவில் கம்பமும் கம்பியும் இல்லாமல் பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மதராஸ் தெருக்கள் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டாலே தெரியும். பிளவுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டது. வேறு வழியில்லாமல் கம்பம் நட்டு மேலே கம்பி இழுத்தார்கள். அதன் பிறகு அந்த அமைப்பு நன்றாக வளர்ந்தது. 1921 வாக்கில் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. வண்ணாரப்பேட்டையிலிருந்தும் ராயப்பேட்டையிலிருந்தும் வேலைக்குப் போனவர்கள் அதை நம்பித்தான் நாளைத் தொடங்கினார்கள்.

சிங்கப்பூரில் டிராமுக்கு அந்த அளவு அதிர்ஷ்டம் இல்லை. அங்கே மின்சார டிராமுக்கு முன்பே நீராவி டிராம் ஒன்று 1886 மே மாதம் தொடங்கி, 1894-இல் நின்றுபோயிருந்தது. அதை வீழ்த்தியது ரிக்‌ஷா. 1880-இல் ஷாங்காயிலிருந்து வந்த ரிக்‌ஷா, கொஞ்சக் காசுக்கு வீட்டு வாசலில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கிவிட்டது. டிராமோ தன் பாதையில் மட்டும்தான் போகும். மிச்ச தூரம் நடக்க வேண்டும். 1905-இல் வந்த மின்சார டிராமும் அதே போட்டியைத்தான் சந்தித்தது. ரிக்‌ஷா இழுத்த சீனத் தொழிலாளியின் உழைப்புக்குக் கிடைத்த கூலி அவ்வளவு குறைவு. எந்த இயந்திரமும் அதோடு விலையில் போட்டி போட முடியாத நிலை இருந்தது. இதை மறந்துவிட்டு டிராம் வரலாற்றை எழுதுவது நியாயமில்லை.

ஆனாலும் அந்த டிராம் சிங்கப்பூருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனது. கம்பெனியின் மின் நிலையம் மெக்கன்சி ரோட்டில், நம் தேக்காவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. டிராம் பாதைகளில் ஒன்று சிராங்கூன் ரோடு வழியாகப் பாய லேபார் பக்கம் போனது. 1906-இல் ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் ரோடு, போட் கீ ஆகிய இடங்களில் முதல் மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்தபோது, அதற்கான மின்சாரத்தை நகராட்சி இந்த டிராம் கம்பெனியிடமிருந்துதான் விலைக்கு வாங்கியது. டிராமில் ஒருமுறைகூட ஏறாதவர்களும் அதன் மின்சாரத்தின் வெளிச்சத்தில் நடந்து போனார்கள்.

எதற்காக எடுத்தார்கள் என்று கேட்டீர்கள். பேருந்து வந்தது, டிராம் போனது என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிராமின் பெரிய செலவு வண்டி அல்ல, பாதை. தெருவில் பதித்த தண்டவாளத்தின் தலையில் ஒரு பள்ளம் இருக்கும். சக்கரத்தின் விளிம்பு அதற்குள்தான் ஓடும். மழையில் மண்ணும் மணலும் அதில் அடைத்துக்கொள்ளும். வளைவுகளில் இரும்பு சீக்கிரம் தேயும். ஒவ்வொரு இணைப்பிலும் செம்புக் கம்பியால் ஒரு தண்டவாளத்தை அடுத்ததோடு பிணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பும் வழி அறுந்துவிடும். அறுந்தால் அது மண்ணுக்குள் இறங்கி, பக்கத்தில் புதைத்திருக்கும் குடிநீர்க் குழாயைத் தேடிப் போய் அரிக்கத் தொடங்கும். இத்தனையையும் பழுது பார்க்கத் தெருவைத் தோண்ட வேண்டும். போகிற வருகிற வண்டிகளுக்கு நடுவே, வெயிலிலும் மழையிலும் நடக்கிற வேலை அது. லாபம் குறைந்த கம்பெனி முதலில் தள்ளிப்போடுவது இந்த வேலையைத்தான். வருடா வருடம் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டால் ஒரு நாள் முழுப் பாதையையும் மாற்ற வேண்டிய நிலை வரும். அன்று கணக்குப் பார்ப்பவர்கள் டிராமே வேண்டாம் என்று முடிவு செய்வார்கள்.

சிங்கப்பூரில் நடந்தது அதுதான். முதல் உலகப்போர்க் காலத்தில் உதிரிப்பாகங்களுக்குத் தட்டுப்பாடு. போர் முடிந்ததும் ஃபோர்டு வண்டிகளின் மேல் கூடு கட்டி ஏழு பேரை ஏற்றிய குட்டி பஸ்கள் தெருவெங்கும் வந்தன. அவற்றைக் கொசு பஸ் என்றே அழைத்தார்கள். நிறுத்தம் என்று எதுவும் இல்லை, கை காட்டினால் நிற்கும். டிராமின் தண்டவாளமோ தேய்ந்து கிடந்தது. 1925-இல் உருவான சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி மின்சாரத்தையும் கம்பியையும் வைத்துக்கொண்டு தண்டவாளத்தை மட்டும் கைவிட்டது. கூட ஒரு கம்பி இழுத்தால் டிராலி பஸ் ஓடும். பினாங்கிலும் அதே வழிதான்: 1906-இல் தொடங்கிய மின்சார டிராம், 1925-இல் வந்த டிராலி பஸ்ஸுக்கு ஒவ்வொரு பாதையாக விட்டுக்கொடுத்தது. ஆயர் ஈத்தாம் கோயிலுக்குப் போகிறவர்களைச் சுமந்த பாதையும் அதில் ஒன்று.

மதராஸில் முடிவு இன்னும் வேதனையானது. இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில் வண்டிகளும் பாதையும் ஓய்வே இல்லாமல் உழைத்தன. போர் முடிந்தபோது கம்பெனியிடம் புதுப்பிக்கப் பணமில்லை. 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு டிராம் நின்றது. மாற்றாக டிராலி பஸ்கூட வரவில்லை. டிராமையே நம்பியிருந்த தொழிலாளர்களுக்கு வேலை போனது. உங்கள் தாத்தா போன்றவர்கள் இங்கிருந்து முதல் தடவை ஊருக்குத் திரும்பிப் போனபோது, விட்டுவிட்டு வந்த டிராம் அங்கே இல்லை.

டிராம் என்பதே காலாவதியான வண்டி, போக வேண்டியதுதான் என்று யாராவது சொன்னால் ஹாங்காங்கைக் காட்டுங்கள். 1904-இல் அங்கே தொடங்கிய டிராம் இன்றும் அதே தெருக்களில் ஓடுகிறது. பாதைக்கும் வண்டிக்கும் விடாமல் செலவு செய்தார்கள், அது நிலைத்தது.

ஜொகூர் பாருவுக்கு வருவோம். இங்கே மின்சார டிராம் ஓடியதே இல்லை. ஆனால் தண்டவாள ஆசை நம் மாநிலத்துக்குப் பினாங்கு, சிங்கப்பூர் டிராமுக்கெல்லாம் முன்பே வந்தது. மகாராஜா அபு பக்கார் காலத்தில், 1869-இல், ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலைக்கு மரத்தாலான தண்டவாளம் போட ஆரம்பித்தார்கள். நல்ல மரம் காட்டில் கிடைத்தது, இரும்பு கப்பலில் வர வேண்டியிருந்தது, அதனால் மரம். கரையான் அரித்துவிட்டது. சில வருடங்களிலேயே கைவிட்டார்கள். பிறகு மூவாரில் ஒரு சின்ன நீராவி ரயில், 1890 வாக்கில் தொடங்கி 1929 வரை ஓடியது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பெரிய ரயில் பாதை 1909-இல் வந்து சேர்ந்தது. டிராம் ஓடும் அளவுக்கு நகரம் அன்று பெருகியிருக்கவில்லை. இங்கே தேவைப்பட்டது ஊருக்குள் போகும் வண்டி அல்ல, அக்கரைக்குப் போகும் வழி. முதலில் படகு, 1923-இலிருந்து கடற்பாலத்தின் மேல் ரயில். தெப்ராவ் நீரிணையின் பெயரோடு 2015 முதல் ஓடும் 'ஷட்டல் தெப்ராவ்' அந்தப் பழைய ரயில் பாதையில் ஓடுவதுதான்.

சிங்கப்பூருக்குப் போகப் புக்கிட் சாகாரில் எழும் ஆர்டிஎஸ் ரயில் டிராம் வகையில் சேராது. தெருவை மற்ற வண்டிகளோடும் நடப்பவர்களோடும் பகிர்ந்துகொள்வது டிராமின் குணம். ஆர்டிஎஸ் ரயிலுக்குத் தனிப் பாதை. நான்கு கிலோமீட்டர் தூரம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரைக் கொண்டுபோகும் திறனோடு கட்டுகிறார்கள். அக்கரைக்குப் போகிறவர்கள் அதில் போய்விடலாம். தெப்ராவிலிருந்து புக்கிட் சாகார் வரை எப்படிப் போவது என்பதுதான் காலையில் சாலை நெரிசலில் நிற்கும் உங்களைப் போன்றவர்களின் கேள்வி. தெப்ராவ், ஸ்கூடாய், இஸ்கந்தர் புத்ரி என்று மூன்று தடங்களில் நகரப் போக்குவரத்துத் திட்டம் பல வருடங்களாகப் பேச்சில் இருக்கிறது. பஸ்ஸோ ரயிலோ, எது வந்தாலும் அதைக் கட்டும் செலவோடு பராமரிப்புச் செலவையும் முதல் நாளே ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். சிங்கப்பூரிலும் மதராஸிலும் டிராமுக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பணம்தான்.

பழைய டிராம் பாதையை நேரில் பார்க்க ஆசை இருந்தால் பினாங்கு போகும்போது ஜார்ஜ் டவுனில் பினாங்கு ரோடும் சூலியா ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் இடத்துக்குப் போங்கள். சாலைக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட தண்டவாளத்தை அங்கே மூடாமல் விட்டிருக்கிறார்கள். நான் சொன்ன பள்ளத்தையும் பார்க்கலாம்.

படத்தைப் பற்றி இன்னும் ஒன்று. பின்னால் தெரியும் கடைப் பெயர்ப் பலகைகளைப் பெரிதாக்கிப் படியுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. கடையின் பெயரை அதில் தேடினால் எந்தத் தெரு, ஏறக்குறைய எந்த வருடம் என்று பிடித்துவிடலாம். கூடவே, தாத்தா டிராமைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். எங்கே ஏறினார், எவ்வளவு கட்டணம் கொடுத்தார், யாரோடு போனார் என்று கேளுங்கள். மதராஸ் டிராமில் போய்க் கப்பல் ஏறியவர்களின் நினைவு நம் குடும்பங்களில் எழுதப்படாமலே கிடக்கிறது. பாட்டி சொல்வது கிடைத்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.